சம்பளம் ஒரு ஊரில், சாப்பாடு ஒரு ஊரில்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம்தான். காலைக் காபியோடு உட்காருகிறவர்கள் இப்போதே படியுங்கள். சமையல் அவசரத்தில் இருப்பவர்கள் மத்தியானம் வாருங்கள், பதிவு எங்கேயும் போய்விடாது.

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஒரே பேச்சு. "இனிமே ஒர்க் ஃப்ரம் ஹோம் பண்ற பேச்சிலர்ஸுக்கு வீடு விடக் கூடாதுன்னு ரூல் போடணும்" என்று ஒருவர் எழுதினார். சற்று நேரத்தில் பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். அடுத்த மாதப் பொதுக்குழுவில் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறார்களாம். நான் எதிர்த்துக் கை தூக்கப் போகிறேன். ஏன் என்று குழுவில் நாலு வரியில் சொன்னால் சண்டையில்தான் முடியும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். குழுவில் பாதிப் பேர் என் முகநூல் நண்பர்களும்தான். படிக்கட்டும்.

அவர்கள் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பகல் முழுக்க ஆள் வீட்டில் இருப்பதால் தண்ணீர் அதிகம் செலவாகிறது, லாரித் தண்ணீர்ப் பணம் மட்டும் எல்லோருக்கும் சமமாக விழுகிறது. இது நியாயமான புகார். ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர் வைத்தால் தீர்ந்துவிடும். ராத்திரி ஒரு மணிக்கு இங்கிலீஷில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. இதுவும் நியாயம்தான், ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொன்னால் சாத்திக்கொள்வார்கள். இதுவரை யாரும் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை. ஸ்விக்கி, ஜொமேட்டோ பையன்கள் லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள். (நம் பேரப்பிள்ளைகளுக்குப் பீட்சா வருவதும் அதே லிஃப்டில்தான்.) கடைசியாக ஒன்று: "எந்தக் கம்பெனின்னே தெரியலை டீச்சர், கழுத்துல ஒரு ஐடி கார்டுகூடக் கிடையாது."

இந்தக் கடைசிப் புகார்தான் நிஜமான புகார் என்பது என் எண்ணம். காலை ஒன்பது மணிக்குச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு கிளம்பி, மாலை ஏழு மணிக்குக் களைத்துப்போய் வருகிறவரைத்தான் வேலை பார்க்கிறவர் என்று நம் மனசு ஒத்துக்கொள்கிறது. வீட்டிலேயே லுங்கியோடு உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டுகிறவர் மேல் ஒரு சந்தேகம். வேலை என்றால் ஒரு கட்டடத்துக்குப் போவது என்று நூறு வருஷமாகப் பழகிவிட்டோம். அதற்கு முன் நெசவாளியும் குயவரும் தட்டாரும் வீட்டுத் திண்ணையிலும் கொல்லையிலும்தான் வேலை பார்த்தார்கள். அவர்களை யாரும் ஐடி கார்டு கேட்கவில்லை.

சட்டமே இதை அங்கீகரித்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கால் சென்டர், பிபிஓ நிறுவனங்கள் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஊழியரை வீட்டிலிருந்து வேலை பார்க்கவைக்க ஏகப்பட்ட நிபந்தனை, வங்கி உத்தரவாதம் எல்லாம் உண்டு. 2020 நவம்பர் 5 அன்று மத்திய அரசு அந்த விதிகளைப் பெருமளவு தளர்த்தியது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் உள்ள நிறுவனங்களுக்கும் விதி வந்தது: ஊழியர்களில் பாதிப் பேர் வரை, ஓராண்டு வரை வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று. அந்த வரம்பும் அதே வருஷக் கடைசியில் தளர்ந்தது. டெல்லியில் ஒத்துக்கொண்டதைப் பாலவாக்கத்தில் ஒரு குடியிருப்புச் சங்கம் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது!

சரி, "வெளியாள்" என்று சொல்கிறோமே, பாலவாக்கத்தில் யார் உள்ளூர்?

குப்பத்து மீனவர்கள் உள்ளூர். பழைய ஊருக்குள் நாலைந்து தெருவில் இருக்கும் குடும்பங்கள் உள்ளூர். மற்றவர்கள் எல்லோரும் வந்தவர்கள்தான், நான் உட்பட. 1998-ல் நாங்கள் குடிவந்தபோது இங்கே சவுக்குத் தோப்பும் மணலும்தான். பத்தடி தோண்டினால் நல்ல தண்ணீர். இரண்டு அறை வீட்டுக்கு வாடகை 1,500 ரூபாய். ஒரு இடைநிலை ஆசிரியையின் சம்பளத்தில் அது தாங்கும். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடம் முளைத்தது. இந்தப் பக்கம் நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம், வாடகை மட்டும் கால்வாயைத் தாண்டி வந்துவிட்டது. 2011-ல் ஊராட்சியாக இருந்த ஊர் சென்னை மாநகராட்சிக்குள் போனது. இன்று அதே தெருவில் இரண்டு அறை வீடு 20,000 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை. பத்தடியில் கிடைத்த தண்ணீரும் உப்புக் கரிக்கிறது.

நான் பணியாற்றிய ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு 2005-க்குப் பிறகு வேலைக்கு வந்த இளம் ஆசிரியைகள் ஒருவர்கூட இந்த ஊரில் வீடு எடுக்க முடியவில்லை. கேளம்பாக்கத்திலிருந்தும் திருப்போரூரிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருவார்கள். அந்த ஊரில் குடியிருந்தால்தான் அந்தப் பிள்ளைகளின் வீடு தெரியும், எந்தப் பிள்ளை ஏன் லீவு என்று தெரியும். சாயங்காலம் மீன் வாங்கப் போகும்போது, "டீச்சர், எம் பொண்ணு கணக்குல எப்படி?" என்று கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பார்களே, அந்த உறவு போயிற்று. இந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை.

ஆக, வேறெங்கோ சம்பாதித்து இங்கே குடியிருப்பவர்களால் ஒரு ஊருக்கு என்ன நேரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்தத் தீர்மானத்தை எதிர்க்கிறேன்.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். குப்பத்துப் பெண். ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தாள். அப்புறம் அரசு மேல்நிலைப் பள்ளி, பொறியியல் கல்லூரி, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அமெரிக்க வாடிக்கையாளர்கள் என்பதால் சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கி விடியற்காலை மூன்று வரை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கம்பெனி லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. குப்பத்து வீடு ஒரே அறை. அப்பா மூன்று மணிக்குக் கடலுக்குப் போக எழுந்திருப்பார், அதற்குள் கொஞ்சம் தூங்க வேண்டும். இவள் பேச வேண்டும். கட்டுமரம் சாத்தியிருக்கும் மணலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து மீட்டிங் பேசியிருக்கிறாள், பின்னால் அலைச் சத்தம் கேட்கிறது என்று அந்தப் பக்கத்தில் ஒருவர் பொறாமைப்பட்டாராம்!

அடுத்த வருஷம் இதே பாலவாக்கத்தில் தனியாக ஒரு சின்ன வீடு தேடினாள். வாடகை கொடுக்கச் சக்தி இருந்தது. மூன்று இடத்தில், "வீட்லயேவா வேலை? எந்த ஏரியா? அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா என்ன பண்ணுகிறார் என்று சொன்னதும், "வேற ஒருத்தருக்குப் பேசி வெச்சிட்டோம்மா" என்றார்களாம். பிறந்த ஊரில் வீடு கிடைக்கவில்லை. "வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குக் கிடையாது" என்ற விதி ஒன்று எழுத்தில் இருந்தால், எழுத முடியாத மற்ற காரணங்களுக்கெல்லாம் அது எவ்வளவு வசதியான திரை என்று யோசித்துப் பாருங்கள். என் எதிர்ப்புக்கு முதல் காரணம் இதுதான்.

இப்போது அவள் எங்கே இருக்கிறாள் தெரியுமா? அர்ஜென்டினாவில், கோர்தோபா என்ற ஊரில். கணவர் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். இவள் அதே சென்னைக் கம்பெனி வேலையை அங்கிருந்து பார்க்கிறாள். தலைநகர் பியூனஸ் அயர்ஸிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர். அந்தப் பல்கலைக்கழகம் 1613-ல் இயேசு சபையார் தொடங்கியது. தஞ்சாவூரை ரகுநாத நாயக்கர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது! அந்த ஊருக்கே "படித்த ஊர்" என்கிற அர்த்தத்தில் ஒரு செல்லப் பெயர் உண்டு. 1918-ல் அங்கே மாணவர்கள் நடத்திய போராட்டம்தான், பல்கலைக்கழக நிர்வாகத்தில் மாணவர்களுக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கையை லத்தீன் அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. 1949-லிருந்து அந்த நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கட்ட முடியாமல் கல்லூரியைப் பாதியில் விட்ட என் மாணவர்களை நினைத்துக்கொண்டு இந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

அவளுக்கும் எனக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். அவளுக்குக் காலை பத்து என்றால் எனக்கு மாலை ஆறரை. அமெரிக்காவின் கிழக்குக் கரையோடு ஒன்றிரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். "டீச்சர், வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இப்பதான் முதல் தடவையா வெயில் வெளிச்சத்துல வேலை பார்க்கறேன்" என்றாள். அதே வேலை, அதே கம்பெனி, அதே சம்பளம். ஊர் மாறியதால் ராத்திரி பகலாயிற்று. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருபது வருஷமாகத் தூக்கத்தை விற்றுத்தான் இந்தச் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைத்தது.

மத்தியானம் அங்கே கடைகளைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். சாயங்காலம்தான் மறுபடி திறப்பார்கள். மாத்தே என்று ஒரு கஷாயம். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், கூட்டத்தில் எல்லோரும் கைமாற்றி அதிலேயே குடிப்பது. எச்சில் பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பெண் முதல் மாதம் "வயிறு சரியில்லை" என்று சொல்லித் தப்பித்திருக்கிறாள். இப்போது குடிக்கிறாள். அவள் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் அவள் சொன்னதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. 2023-ல் அந்த நாட்டில் விலைவாசி ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, மூன்று மடங்கைத் தொட்டது. பணவீக்கம் 211 சதவீதம். உள்ளூர்ப் பணத்தில் சம்பளம் வாங்கியவர் கையில் காசு கரைந்தது. வெளியூர்ப் பணத்தில் சம்பளம் வாங்கியவருக்கு எல்லாமே மலிவாகத் தெரிந்தது. சில வீட்டுக்காரர்கள் வாடகையை டாலரில்தான் கேட்கிறார்களாம். மற்ற மாகாணங்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் ஓர் அறையில் நாலு பேர் படுக்கிறார்கள். 2024 ஏப்ரல் 23 அன்று பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்கக் கேட்டு நாடு முழுக்கப் பெரிய ஊர்வலம் நடந்தது, அந்த ஊரிலும்தான். இவள் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற கீழ்வீட்டு அம்மாள் கோபமில்லாமல்தான் கேட்டாராம்: "வெளிநாட்டுக் காசோட நீங்கள்லாம் வந்தா எங்க பசங்க எங்கே போவாங்க?"

பாலவாக்கத்து மீனவர் மகள், பாலவாக்கத்துக்காரர்கள் இருபது வருஷம் முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, பூமியின் அந்தக் கோடியில் நின்று வாங்கிக்கொள்கிறாள். அவளிடம் பதில் இல்லை. வாரத்தில் இரண்டு சாயங்காலம் அந்த அம்மாளின் பேரனுக்குக் கணக்கு சொல்லித்தருகிறாள். அம்மாள் இவளுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருகிறார். வாடகைக்கு அது ஈடாகாதுதான்.

வேறொரு ஊரில் சம்பாதித்துச் சொந்த ஊரில் சாப்பிடுவது நமக்குப் புதிதா என்ன? பர்மா, மலேயா, இலங்கை, சிங்கப்பூர் என்று போனவர்கள் அனுப்பிய மணியார்டரில் எத்தனை ஊர் நிமிர்ந்தது! நம்முடைய கல்லூரி ஊர்களைப் பாருங்கள். கானாடுகாத்தான்காரரான அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920-ல் மீனாட்சி கல்லூரி தொடங்கினார். 1929-ல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமானது. அழகப்பச் செட்டியாருக்கு மலேயாவில் ரப்பர் தோட்டம், திருச்சூர் பக்கத்தில் நூற்பாலை. சம்பாத்தியம் எங்கெங்கோ. காரைக்குடியில் 1947-ல் கல்லூரி திறந்தார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்மவர்கள் "சிக்ரி" என்பார்களே, அது தன் ஊருக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறப்பு. 1957-ல் அழகப்பர் 48 வயது நிறையும் முன்பே காலமானார். அந்தக் கல்லூரிகள் வளர்ந்து 1985-ல் பல்கலைக்கழகமாயிற்று. ஒரு வறண்ட சீமை படிப்பு ஊரானது வெளியூர்க் காசில்தான்.

இன்றைய லேப்டாப் பிள்ளைகள் 300 ஏக்கர் கொடுக்க வேண்டாம், அவர்களுக்கு வீட்டுக் கடனே தலைக்கு மேல் இருக்கிறது. ஆனால் ஊர் மாறலாம் இல்லையா? கம்பெனி "எங்கிருந்து வேண்டுமானாலும் பார்" என்று சொன்ன பிறகும் பழைய மகாபலிபுரம் சாலையிலேயே 25,000 வாடகை கொடுத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பானேன்? சிதம்பரம் இருக்கிறது, காரைக்குடி இருக்கிறது, நூலகமும் மரத்தடியும் படிக்கிற பிள்ளைகளின் சந்தடியும் உள்ள ஊர்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-லேயே ஜோஹோ அலுவலகம் வந்துவிட்டது. 2024-ல் விழுப்புரத்திலும், பிறகு தஞ்சாவூரிலும் சேலத்திலும் மினி டைடல் பூங்கா திறந்திருக்கிறார்கள்.

என் தம்பி மகன் பெங்களூர்க் கம்பெனி வேலையைக் காரைக்குடியிலிருந்து மூன்று வருஷமாகப் பார்க்கிறான். சாயங்காலம் ஐந்து மணிக்கு லேப்டாப்பை மூடினால் ஐந்தேகாலுக்கு பேட்மின்டன். சென்னையில் இருந்தபோது அந்த நேரத்துக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டிருப்பான். அவனுக்கு ஒரே ஒரு கஷ்டம். பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு ஆபீஸ் எங்கே?" என்கிறார்கள். "வீட்லதான்" என்றால் பஜ்ஜித் தட்டை மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்திவிடுகிறார்கள்!

பையனுக்கு அது சிரிப்பாகப் போய்விடும். பெண்களுக்கு அப்படியில்லை.

"வீட்லதானே இருக்கே" என்ற நான்கு எழுத்து மந்திரம் ஒன்று நம் வீடுகளில் ஓதப்படுகிறது. (எழுத்து எண்ணாதீர்கள், பேச்சுக்குச் சொன்னேன்.) மருமகள் மீட்டிங்கில் இருக்கிறாள், காதில் மாட்டியிருக்கிறாள். அடுப்பில் பால். "கொஞ்சம் பார்த்துக்கோம்மா, வீட்லதானே இருக்கே." கேஸ் சிலிண்டர்காரர் வருவார், "வீட்லதானே இருக்கே." மாமனாருக்குப் பதினோரு மணி மாத்திரை, குழந்தைக்கு மூன்றரை மணி ஸ்கூல் வேன், பிளம்பர், கூரியர், நாத்தனார் வருகை. அதே வீட்டில் மகனும் அறைக்குள் வேலை பார்க்கிறான். அவன் கதவைச் சாத்தினால், "ஷ்ஷ், ஆபீஸ் பேசறான்." அவள் கதவைச் சாத்தினால், "என்ன அப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு?"

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. எங்கள் மாடியிலேயே பார்க்கிறேன். பிள்ளை பெற்ற பிறகு வேலையை விடாமல் இருக்க இந்த ஏற்பாடுதான் எத்தனையோ பெண்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. முப்பது வருஷம் முன்பு இது இருந்திருந்தால் என் தோழிகள் சிலர் வேலையை விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு வேலையை ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில் வைத்துச் செய் என்று ஒருத்தியிடம் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மாமியார்களே, என் வயசுக்காரர்களே, மருமகளின் அறைக் கதவு சாத்தியிருந்தால் அவள் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாலை நாமே இறக்கிவைக்கலாம், கை இருக்கிறது.

அர்ஜென்டினாவில் இதற்கென்றே 2020-ல் ஒரு சட்டம் போட்டு 2021 ஏப்ரலிலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். வேலை நேரம் முடிந்தால் ஊழியர் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் ஆகும் செலவை நிறுவனம் ஈடுகட்ட வேண்டும் என்றது. 13 வயதுக்குட்பட்ட குழந்தையையோ, கூட வசிக்கும் முதியவரையோ பராமரிப்பவர் அதற்கேற்ப நேரத்தை அமைத்துக்கொள்ள உரிமையும் தந்தது. நம் நாட்டில் 2018-ல் சுப்ரியா சூலே மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார், அலுவலக நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமலிருக்கும் உரிமைக்காக. அது சட்டமாகவில்லை. என் மாணவியின் கதையில் இன்னொரு வேடிக்கை: அவள் வசிப்பது அந்த நாட்டில், கம்பெனி இங்கே. வாடகை அங்கே, சம்பளம் இங்கே.

நம் அரசு செய்த நல்ல காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் கொளத்தூரில் "முதல்வர் படைப்பகம்" என்று திறந்தார்கள். மாணவர்கள் படிக்கவும், வேலை பார்க்கிறவர்கள் லேப்டாப்போடு வந்து உட்காரவும் இடம். அரை நாளுக்கு 50 ரூபாய்தான். ஒரு காபிக் கடையில் குளிர்சாதனத்துக்காக வாங்கிக் குடிக்கும் ஒற்றைக் காபியைவிடக் குறைவு! இந்தப் பக்கம் திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரை அப்படி ஒன்று வந்தால் முதலில் பயன் அடைவது யார் தெரியுமா? ஃபிளாட்டில் தனி அறை உள்ளவர்கள் அல்ல. குப்பத்தில் ஒற்றை அறை வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகள், படிக்கும் பிள்ளைகள். மணலில் போர்வை போர்த்திக்கொண்டு யாரும் மீட்டிங் பேச வேண்டியிருக்காது. மாமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கருத்துப் பெட்டியில் "நானும்" என்று எழுதுங்கள், வீட்டுக்கே தாளோடு வருகிறேன்.

லேப்டாப் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் கேட்கும் வாடகையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு மூவாயிரம் பெரிதில்லை. அடுத்து அதே தெருவில் வீடு தேடும் செவிலியருக்கும் ஆசிரியைக்கும் அந்த மூவாயிரம்தான் தெரு வாசல் அடைபடும் காரணம். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாலவாக்கத்தில் இரண்டு வருஷம் இருந்தும், கடலுக்குக் காலையில் எத்தனை மணிக்குப் படகு போகும் என்று தெரியாமல் காலி செய்துகொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். மீனை ஆப்பில் வாங்குவார்கள், முந்நூறு அடியில் கரை!

என் மாணவி ஜனவரியில் வருகிறாள். அவள் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். மூன்று மாதம் இங்கே இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறாள், வேலையையும் விடாமல். அதாவது மறுபடியும் சாயங்காலம் ஆறரை முதல் விடியற்காலை மூன்று வரை. ராத்திரி ஒரு மணிக்கு விளக்கு எரியும். இங்கிலீஷில் பேச்சுச் சத்தம் கேட்கும். கழுத்தில் ஐடி கார்டு இருக்காது. குப்பத்துக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீடாக வேண்டும். லிஃப்ட் இருந்தால் அம்மாவையும் கூட வைத்துக்கொள்ள வசதி. வாடகை ஒழுங்காக வரும், அதற்கு நான் பொறுப்பு. பாலவாக்கம், கொட்டிவாக்கம் பக்கம் அப்படி வீடு வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அவள் அப்பா தினமும் மீன் கொண்டுவந்து கொடுப்பார், அந்த வாசனைக்கு முகம் சுளிக்காத வீடாக இருக்கட்டும்.